ஊறுகாய் பாட்டில் இருந்த பக்கம்

"ஒரு மைக்கா, ரெண்டு மைக்கா சார்?" என்று செல்வின் மூன்றாவது தடவையாகக் கேட்டபோதும் ஞானதுரை பதில் சொல்லாமல் சுவரில் தொங்கிய கிட்டார்களை எண்ணிக்கொண்டு நின்றான். பதினேழு. கொஞ்சம் முன்னால் எண்ணியபோது பதினாறுதான் வந்தது. ஒன்று தூணுக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது, இருந்தும் யார் கண்ணிலும் படாமல், சரிதான், நம்ம தலையெழுத்துதான் அதற்கும் என்று நினைத்தான். பாளையங்கோட்டையில் ஒரு மாடிக் கடை, சனிக்கிழமை காலை பதினொரு மணி, வேறு ஆள் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பதிவு பண்ணிப் பார்ப்பதற்கென்று சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில், அவன் மனைவி சுகிர்தா பெரிய ஹெட்ஃபோன் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் செல்வின், நாற்பது வயது ஆள், கடையும் அவனுடையதுதான், வாய் ஓயாத பொறுமைசாலி. அவன் ஏற்கெனவே விளக்கிவிட்டான். "ஒரு மைக்னா அக்கா பாடுறதும் நீங்க வாசிக்கிறதும் ஒண்ணாப் பதியும் சார். சோத்துல கொழம்ப ஊத்திப் பெசஞ்ச மாதிரி. அப்புறம் பிரிக்க முடியாது. கம்ப்யூட்டர்ல பிரிக்கலாம்னு சொல்லுதாங்க, பிரிச்சா உசுரு இருக்காது, வதங்கிப் போவும். ரெண்டு மைக் வச்சி இந்தப் பெட்டியில ஏத்திட்டோம்னு வைங்க, குரல் தனி, கிட்டார் தனி. எது வேணுமோ கூட்டிக்கிடலாம், எது வேண்டாமோ எடுத்துரலாம்." எடுத்துரலாம். அந்தச் சொல்லில்தான் ஞானதுரை மாட்டிக்கொண்டு நின்றான். எது வேண்டாமோ எடுத்துரலாம். எது வேண்டாம் என்று யார் சொல்வது? அதை யாரும் சொல்லவே வேண்டாம், ஊருக்கே தெரியும்.

பொறாமை என்று யாராவது சொன்னால் ஞானதுரை சட்டையைப் பிடித்துவிடுவான். கட்டின பெண்டாட்டி மேல் எவனாவது பொறாமைப்படுவானா, அதுவும் அவள் குரல் மேல், அந்தக் குரலைக் கேட்டுத்தானே அவளைக் கட்டினான்? ஆனால் பாருங்கள், பொறாமைதான் அது, வேறென்ன பேர் வைத்துக் கூப்பிட்டாலும் அதுதான் திரும்பிப் பார்க்கும். ஏழு வருஷமாக இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரும் விளையாட்டாக ஒரு பாட்டைப் போனில் பதிந்தார்கள். போன் நிற்பதற்கு ஏதாவது சாய்ப்பு வேண்டுமே என்று சுகிர்தா எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்து அதில் போனைச் சாய்த்தாள். எங்கே வைத்தாள்? தன் பக்கம். தன் வாயிலிருந்து ஒரு சாண். அவன் கிட்டார் மேஜையின் அந்தக் கடைசியில். முதல் நாள்தானே, கவனிக்காமல் வைத்திருப்பாள் என்று விட்டுவிட்டான். அடுத்த வாரமும் அங்கேதான். அதற்கடுத்த வாரம், அவள் முகம் கழுவப் போயிருந்த நேரம், ஞானதுரை பாட்டிலை நைசாக நகர்த்தி மேஜைக்கு நடுவில் வைத்தான், அளவெடுத்து வைத்தான் என்றே சொல்லலாம், பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாகப் பையன்களுக்கு லேத் சொல்லிக்கொடுக்கிற கண் அது, நூல் பிசகாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாட்டில் பழையபடி அவள் பக்கம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன என்று கேட்பாள், என்னத்தைச் சொல்வது, என் சத்தமும் கொஞ்சம் கேட்கட்டுமே என்றா? ஆம்பளை வாயால் அதைச் சொல்ல முடியுமா? அப்புறம் ஒரு தலையணையும் வந்து சேர்ந்தது. சுவரில் எதிரொலிக்கிறதாம், அதனால் மேஜைக்குக் குறுக்கே, போனுக்கும் அவனுக்கும் நடுவில், ஒரு தலையணை. நிற்கவைத்த தலையணைக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் வாசித்தான், திரைக்குப் பின்னால் மாப்பிள்ளையை உட்காரவைத்த மாதிரி. இதில் பெரிய கூத்து, ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு துண்டு பனங்கற்கண்டை எடுத்து அவன் வாயில் போடுவாள். பாடுகிறவள் வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதை வாசிக்கிறவன் வாயில் போடுகிறாளே என்று அவன் சிரிப்பான். "உங்களுக்குத்தான் அத்தான், மெல்லாதீங்க, அப்படியே ஒதுக்கி வச்சிக்கிடுங்க" என்பாள். அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். போனை எடுத்துக்கொண்டாள், பாட்டை எடுத்துக்கொண்டாள், கற்கண்டையாவது கொடுத்தாளே.

"சார்?" என்றான் செல்வின். "ம், பாத்துட்டிருக்கேன்" என்றான் ஞானதுரை. எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகிர்தா சிரிப்பதை. ஹெட்ஃபோனில் என்ன சிரிப்பு வருகிறதோ. மழைப் பாட்டு ஞாபகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும் விட வயிறு எரிந்த பாட்டு. அது அவன் போட்ட மெட்டு, அவனே போட்டது, யாரிடமும் கடன் வாங்கியதில்லை. போன ஐப்பசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒர்க்‌ஷாப் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு லேத் நிற்காமல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அந்த மெட்டு வந்தது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு விரலால் மேஜையில் தட்டித் தட்டி மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான், பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கொட்டிப்போகும் என்று பயந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான். வார்த்தையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். பாடினாள். சபைப் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டாள். நாற்பத்திரண்டு பேர் பதில் போட்டார்கள், ஞானதுரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். சுகிர்தாக்கா என்ன குரல். சிஸ்டர், கண்ணுல தண்ணி வந்துட்டு. சுகிர்தா, ஆண்டவர் கொடுத்த வரம். ஒரே ஒரு ஆள் மட்டும் கிட்டாரைப் பற்றி எழுதியிருந்தார், 'கிட்டார் கொஞ்சம் கம்மியா கேக்கு' என்று. அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பான் ஞானதுரை, பக்கத்தில் மட்டும் இருந்திருந்தால். அது கூடப் பரவாயில்லை. மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில் அதே குழுவிலிருக்கிற பியூலா டீச்சர், சாளையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு, "மழைப் பாட்டு கேட்டோம் ஞானதுரை, அடேயப்பா! ஆமா, அன்னைக்கு நீங்க வீட்ல இல்லியோ?" என்று கேட்டாள் பாருங்கள். வீட்டில் இல்லையோ! நான் போட்ட மெட்டு, நான் வாசித்த கிட்டார், என் வீட்டு மேஜை, என் வீட்டு ஊறுகாய். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு அரைக் கிலோ கேட்ட இடத்தில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சுகிர்தா மீன் அருமை என்றாள், அவனுக்கு மீனும் கசந்தது.

இதெல்லாம் கூட ஒரு மாதிரி பழகியிருக்கும். பல் வலி போல, நாக்கு அந்தப் பக்கமே போய்ப் போய்த் தடவிக்கொண்டு காலம் ஓடியிருக்கும். போன மாதம் சென்னையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. யாரோ பாட்டு பதிவு பண்ணி வெளியிடுகிற ஆள், மழைப் பாட்டு எப்படியோ அவர் கைக்குப் போயிருக்கிறது. 'மேடம், உங்க குரல மட்டும் தனியா பாடி அனுப்புங்க, கிட்டார், மத்ததெல்லாம் இங்க நல்ல ஆள வச்சி வாசிச்சுக்கிறோம்.' நல்ல ஆள். சுகிர்தா அதைச் சிரித்துக்கொண்டே அவனிடம் காட்டினாள், "பாத்தீங்களா கூத்த" என்றாள், அவனும் சிரித்தான், இந்த ஏழு வருஷத்தில் அவன் சிரித்த சிரிப்பையெல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும். "நீ என்ன சொன்ன?" என்றான். "முடியாதுன்னு போட்டுருதேன்" என்றாள். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது ஞானதுரை அந்தப் போனை எடுத்துப் பார்த்தான். செய்யக்கூடாத காரியம்தான், கை கேட்கவில்லை. அவள் ஒன்றும் போடவில்லை. முடியும் என்றும் போடவில்லை, முடியாது என்றும் போடவில்லை. அதற்கு மறுநாளும் பார்த்தான், போடவில்லை. பத்து நாள் கழித்து அவளே, "ஒரு நல்ல மைக்கா வாங்குவோமா அத்தான், வீட்லயே சுத்தமாப் பதியலாம்" என்றாள். சுத்தமாக. அதாவது, குரல் தனியாக. அதாவது, எது வேண்டாமோ அதை எடுத்துவிட்டு. அவள் மனசில் அதுதான் இருக்கிறது, வேறென்ன இருக்கும், இரண்டு மைக் வாங்கிவிட்டால் அடுத்த நாளே சென்னைக்குக் குரல் மட்டும் பஸ் ஏறிப் போய்விடும், அங்கே நல்ல ஆள் ஒருத்தன் அவன் மெட்டை வாசிப்பான், பியூலா டீச்சர் அதையும் கேட்பாள். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஞானதுரை முடிவு பண்ணிவிட்டான், ஒரே மைக். பிசைந்த சோறு. அவளை எவன் எடுத்தாலும் கூடவே தன்னையும் எடுத்துத் தொலைய வேண்டும், துப்ப முடியாது. இது எவ்வளவு கேவலமான எண்ணம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாய் திறக்காமல் கிட்டாரை எண்ணிக்கொண்டிருந்தான். பதினேழு.

"அத்தான், உள்ள வாங்க, ரெண்டும் வச்சிப் பாத்துருவோம்" என்று சுகிர்தா கதவைத் திறந்து கூப்பிட்டாள். செல்வின் தூணுக்குப் பின்னால் தொங்கின கிட்டாரையே எடுத்துக் கையில் கொடுத்தான். பஞ்சு அறைக்குள் போனதும் காது அடைத்த மாதிரி இருந்தது, தன் மூச்சே தனக்குக் கேட்டது. இரண்டு பேரையும் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு மைக்கை அவள் வாய்க்கு நேராகவும் இன்னொன்றை அவன் கிட்டாருக்கு மேலாகவும் நிறுத்தினான் செல்வின். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு மைக். அதன் கம்பி வலைக்குள் உற்றுப் பார்த்தான், உள்ளே யாரோ உட்கார்ந்து தன்னை மட்டும் கேட்கக் காத்திருக்கிற மாதிரி ஒரு கூச்சம், ஒரு பெருமை. சுகிர்தா கைப்பையைத் திறந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் கற்கண்டை நீட்டினாள். இங்கேயுமா! "வேண்டாம்" என்றான். "வாயில போடுங்க அத்தான்" என்றாள், குரலில் ஏதோ ஒரு அவசரம். "வேண்டாம்னா விடேன், நான் என்ன சின்னப் பிள்ளையா?" செல்வின் முன்னால் அப்படிச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவன் கற்கண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் வாசித்தான். மழைப் பாட்டு. கோபம் விரலுக்கு நல்லது போலிருக்கிறது, அப்படி அவன் என்றைக்குமே வாசித்ததில்லை, தகரக் கூரையில் விழுந்த அந்த மழை ஒவ்வொரு துளியாக வந்தது, லேத் சுற்றியது, அவள் அதற்குள் வந்து நுழைந்தபோது அவனுக்கு ஒரு கணம் பொறாமையும் இல்லை, சென்னையும் இல்லை, பியூலா டீச்சரும் இல்லை, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் சபைக் கொயரில் ஆல்டோ பாடுகிறவர்கள் வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டே தப்பாக வாசித்துத் திட்டு வாங்கிய அந்தச் சாயங்காலம் மட்டும் இருந்தது. பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். யாருக்குக் காட்டினான்? அவளுக்குத்தான்.

வெளியே வந்து கேட்டார்கள். முதலில் இரண்டும் சேர்த்து. நன்றாகத்தான் இருந்தது. "இப்ப அக்கா மட்டும்" என்று செல்வின் ஒரு பொத்தானை அமுக்கினான், ஞானதுரை காணாமல் போனான். ஒரு பொத்தான், அவ்வளவுதான். அவள் குரல் மட்டும் நின்றது, அவன் கிட்டார் பக்கத்து வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரி எங்கேயோ தூரத்தில். அவனுக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் அது அழகாக இருந்தது. "இப்ப சார் மட்டும்" என்று இன்னொரு பொத்தான். வந்தது கிட்டார், ஆஹா, எவ்வளவு பெரிசாக, எவ்வளவு கிட்டத்தில், இதுதானே நான், ஏழு வருஷமாகத் தலையணைக்குப் பின்னால் கிடந்தது இதுதானே என்று அவன் நிமிரும்போதே செல்வின் நெற்றியைச் சுருக்கினான். "ஒரு இரைச்சல் வருதே. எர்த் சரியில்லையோ?" கேட்டது, கிட்டாருக்கு அடியில் ஒரு உறுமல், பழைய ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. வயரை மாற்றினான். ஏசியை நிறுத்தினான். ஞானதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது, இது தன் இடம், பிளக்கைக் கழற்றிப் பின்னைத் துடைத்தான், சுவர்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், "நியூட்ரல் லூசா இருக்கும், பாருங்க" என்று செல்வினுக்கே பாடம் எடுத்தான். சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், "போதும் விடுங்க, நல்லாத்தான இருக்கு" என்றாள், யாரும் காதில் வாங்கவில்லை. "சார், நீங்க மட்டும் உள்ள போயி நாலு வரி வாசிங்க, அக்கா பாட வேண்டாம். எங்கேருந்து வருதுன்னு பிடிச்சிருவோம்." போனான். வாசித்தான். கண்ணாடி வழியாகச் செல்வினின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான். ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்த செல்வினின் முகம் மெதுவாக மாறியது. வயரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஞானதுரையின் வாயைப் பார்த்தான், அப்புறம் பக்கத்தில் நின்ற சுகிர்தாவைப் பார்த்தான், என்னவோ சொல்ல வாயெடுத்தான். சுகிர்தா தலையை அசைத்தாள். வேண்டாம், சொல்லாதீங்க என்று. ஒரு சின்ன அசைவு. அதை ஞானதுரை பார்த்துவிட்டான்.

கிட்டாரை வைத்துவிட்டு வெளியே வந்து செல்வினின் கழுத்திலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டான். "போடுங்க" என்றான். போட்டான். கிட்டார். அதற்கு அடியில் அந்த உறுமல். ஆனால் இரைச்சல் என்றால் ஒரே மாதிரி இருக்கும், இது மெட்டோடு ஏறியது, மெட்டோடு இறங்கியது, ஏற வேண்டிய இடத்தில் முழுசாக ஏறாமல் முக்கியது. ம்ம்ம், ம்ம், ம்ம்ம். தொண்டையில் சளி கட்டின ஒரு ஆள், கதவை மூடிக்கொண்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மனசு நிறையப் பாடுகிற மாதிரி. யார் இந்த ஆள் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தான் ஞானதுரை. அப்புறம் தெரிந்தது. தெரிந்ததும் காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. ஊறுகாய் பாட்டில். தலையணை. மெல்லாதீங்க, அப்படியே ஒதுக்கி வச்சிக்கிடுங்க. ஏழு வருஷமும் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தது. "எப்பருந்து தெரியும்?" என்று கேட்டான். செல்வின் நல்ல மனுஷன், ஏதோ பில் புத்தகம் தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டான். "கொயர்லருந்தே" என்றாள் சுகிர்தா. "அப்பயேவா! எல்லாருக்கும் தெரியுமா?" "நாப்பது பேரு பாடும்போது யாருக்குக் கேக்கும்? உங்களையே கவனிச்சிட்டு நின்னவளுக்குத்தான் கேட்டுச்சு." "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" "சொன்னா நிறுத்திருவீங்க. உங்களுக்கு டான்சில் ஆபரேஷன் ஆச்சே, ஒரு வாரம் தொண்டைய அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அப்ப சும்மா இருக்க மாட்டாம கிட்டார எடுத்தீங்க. கேட்டனே நானு. கை செத்துப் போயிட்டு அத்தான். நீங்க முனங்கினாத்தான் உங்க வெரல் நடக்கும். எனக்கும் அதுல ஏறித்தான் பாட வரும். கற்கண்டு வாயில கெடந்தா பாதி கொறையும், மீதிக்குத் தலையாணி. வேற எனக்கு என்ன செய்யத் தெரியும்?" அப்புறம் அவன் கேட்காததையும் அவளே சொன்னாள். "அந்தச் சென்னை ஆளுக்கு இன்னும் பதில் போடல. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாத்தான் இருந்திச்சி. நீங்க காலேஜ் போயிருந்தப்ப மொட்டை மாடியில போயித் தனியாப் பாடிப் பாத்தேன். நாலு நாளு. சுருதி நிக்க மாட்டேங்கு. பதிஞ்சதெல்லாம் அழிச்சிட்டேன்." ஆக, பயந்தது பொய்யில்லை. அவள் போய்த்தான் பார்த்திருக்கிறாள். நாலு நாள் அவனில்லாமல் பாடியிருக்கிறாள், மொட்டை மாடியில், துணி காய்கிற கொடிகளுக்கு நடுவில், அவன் மெட்டை. அந்த நாலு நாளை நினைத்ததும் உள்ளே திகுதிகுவென்று வந்தது, அவள் திரும்பி வந்தது கூட அதை அணைக்கவில்லை.

செல்வின் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, "ஒரு மைக் வச்சும் ஒரு தடவ பாத்துருங்க சார்" என்றான். உட்கார்ந்தார்கள். ஞானதுரை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். தொண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான், சத்தம் வரக்கூடாது, மூச்சு கூட வரக்கூடாது. விரலை வைத்தான். அவள் சொன்னது சரிதான், கை மரக்கட்டை. ஒவ்வொரு தந்தியாகத் தேடித் தேடிப் போயிற்று, மழையும் இல்லை, லேத்தும் இல்லை, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை மாதிரி தட்டுத் தடுமாறியது. சுகிர்தா ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் ஆரம்பிக்கவில்லை. அவள் வாயைத் திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவனுக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது, பியூலா டீச்சரும் சென்னைக்காரனும் எந்த மூலைக்கு? இனிமேல் வரவே வராதோ? தெரியாமல் செய்ததைத் தெரிந்த பிறகு எப்படிச் செய்வது? வேண்டுமென்று ஒரு தடவை முனகிப் பார்த்தான், ம்ம் என்று, அது மாடு செருமின மாதிரி இருந்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது. கிட்டாரை மடியிலிருந்து எடுத்துவிட்டான்.

"ஒண்ணே போதும்" என்றான் செல்வினிடம், தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லவேண்டும் என்று நினைத்த அதே பதில்தான். செல்வின் பெட்டியைக் கட்டினான், ஸ்டாண்டு எடுத்து வைத்தான், வயர் எடுத்து வைத்தான். "வீட்ல ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சிருங்க சார், சரியா நடு சென்டர்ல. அளவெடுத்து வைங்க." ஞானதுரை சுகிர்தாவைப் பார்த்தான். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். "இல்ல" என்றான் ஞானதுரை. "அவ பக்கமே இருக்கட்டும்." சுகிர்தாவின் கை ஜிப்பில் அப்படியே நின்றது. செல்வின் மாடிப்படி வரைக்கும் கூட வந்து, ஏதாவது சந்தேகம் என்றால் கூப்பிடுவதற்கு வசதியாக நம்பர் வாங்கிக்கொண்டான். அக்காவின் நம்பரை.

பெட்டியை ஸ்கூட்டரின் முன்பக்கம் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, சுகிர்தாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும், அதற்கு இன்னும் நல்ல தீனி கிடைத்துவிட்டது. குரல் அவளுக்கு, பேர் அவளுக்கு, சரி, போகட்டும். இத்தனை வருஷம் ஒருத்தன் அசிங்கப்படாமல் மூடி மறைத்துக் காப்பாற்றிய பெரிய மனசும் அவளுக்கா? மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிற தைரியமும் அவளுக்கா? போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததை அவன் சொன்னானா? சொல்வானா? மாட்டான். எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொண்டால் மனுஷன் எதை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது? நம்பரைக் கூட அவளிடம்தானே வாங்கினான் அந்த செல்வின், வயர் மாட்டப் போவது யார், அவளா? சந்தேகம் வரப்போவது யாருக்கு? சட்டைப் பைக்குள் விரலை விட்டுக் கற்கண்டை எடுத்தான், நூல் ஒட்டியிருந்தது, வாயில் போடப் போனவன் போடாமல் திரும்பவும் பைக்குள்ளேயே போட்டான். சமாதானபுரம் தாண்டியது. லாரி ஒன்று புகையைத் துப்பிக்கொண்டு முன்னால் போயிற்று, ஒரு தகரக் கடையில் யாரோ எதையோ அடித்துக்கொண்டிருந்தான், அந்த அடி அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மெட்டோடு தாளம் சேர்ந்தது, ஹேண்டில் பாரில் இடது கை விரல்கள் தாமாகவே இடம் மாறி இடம் மாறி அழுத்தின. செல்வினை நினைத்து, மொட்டை மாடியை நினைத்து, பியூலா டீச்சரின் சாளையை நினைத்து அவன் பாட்டுக்கு உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனான். சுகிர்தா முன்னால் சரிந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, வலது காதை அவன் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். வெயிலில் அவளுக்குத் தலை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து ஞானதுரை வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.